ஆகஸ்ட் மாதத்தில் ஒரு குளிர்க்கோட்டு

குளியலறைத் தராசின் மேல் அண்ணை ஏறி நிற்கிறார். ஒரு பெட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருக்கிறார், நித்திரையாகிப்போன பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் மாதிரி. பெட்டி மறைப்பதால் அவருக்குத் தராசின் முள் தெரியாது. நான் தரையில் முழங்கால் ஊன்றிக் குனிந்து எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன். அவர் தன்னுடைய நிறையைக் கழித்து மிச்சத்தைச் சொல்கிறார். என் மனைவி வசந்தா அதைக் கலண்டர் ஓரத்தில் எழுதுகிறாள்.

"ஒரு கிலோ கூட," என்கிறார் அண்ணை. "என்னத்தை வெளியிலை எடுக்கிறது?"

"நீங்கள் காலமை சாப்பிட்ட இடியப்பத்தைக் கழிச்சனீங்களோ?" என்கிறாள் வசந்தா.

அண்ணை சிரிக்கவில்லை. அந்தக் கோடை முழுக்க அவர் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. அவருக்கு அது விளையாட்டுப் பயணம் அல்ல.

எனக்கோ அதுவரை செய்த பயணங்கள் எல்லாம் ஓட்டங்கள். எண்பத்து மூன்றின் ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம், பிறகு கடல் தாண்டி இந்தியா, பிறகு ஏதேதோ விமான நிலையங்களின் பிளாஸ்டிக் கதிரைகள், கடைசியில் ரொறன்ரோவின் பனி. கையில் ஒரு பை. ஓடுகிறவன் பெட்டி நிறுப்பதில்லை. திரும்பி வருவதற்கான சீட்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் புறப்பட்ட முதல் பயணம் இதுதான்.

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். எண்பத்தாறு, அல்லது எண்பத்தேழு. வசந்தாவைக் கேட்டால் திகதியோடு சொல்லுவாள். ஆனால் அவளைக் கேட்கத் தொடங்கினால் இந்தத் தொடரை அவள்தான் எழுத வேண்டி வரும்.

மேலறை

அக்காவைக் கூட்டிவரத்தான் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மூவரில் திலகம் அக்கா மூத்தவள். அடுத்தது கணேசண்ணை. கடைக்குட்டி நான். அக்கா தாதிப் படிப்புக்கென்று இங்கிலாந்து போனபோது எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அங்கேயே அத்தானைக் கட்டினாள். நாட்டின் மேற்குப் பக்கத்தில், வேல்ஸ் எல்லைக்குக் கிட்ட ஒரு சின்னக் கிராமம். அத்தான் பக்கத்துப் பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். அக்கா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி. பிள்ளைகள் இல்லை. அந்த ஊரில் தமிழ் பேசும் வாய்கள் இரண்டு.

பிறகு ஒன்று.

அத்தான் இறந்தது நாங்கள் கனடாவில் வந்து இறங்கிய வருடம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவன் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால், திரும்பி உள்ளே வருவது சந்தேகம். செய்தி வந்த அன்று அண்ணை ஒரு கூட்டாளி வீட்டுத் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பக்கம் அக்காவும் பேசவில்லை, இந்தப் பக்கம் அண்ணையும் பேசவில்லை. அட்லாண்டிக் கடல் நடுவில் கிடந்து இரைந்தது.

"கொள்ளி வைக்க எங்கடை பக்கத்தாலை ஒரு ஆம்பிளை போகேல்லை." இதை அண்ணை எத்தனை தரம் சொல்லியிருப்பார். கலியாண வீட்டில் சொல்லுவார். பஸ்ஸில் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று சொல்லுவார்.

அவர் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து மல்வேர்னில் மாடி வீடொன்றில் குடியேறினார். முதல் வேலையாக மேலறைக்கு மஞ்சள் அடித்தார். மஞ்சள் கூடிப்போய்விட்டது என்று அதன்மேல் வெள்ளை அடித்தார். யன்னலோரம் கட்டில், சுவரில் சாமிப்படத்துக்கு ஒரு தட்டு. அவருடைய மகள்மார், இரண்டு பெட்டைகளும், சின்ன அறையில் இடித்துக்கொண்டு படுக்க, பெரிய அறை ஒரு வருடமாகச் சும்மா கிடந்தது. "மாமியின்ரை அறை" என்று பெட்டைகள் அதன் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் அண்ணி உள்ளே சாம்பிராணி காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவா.

அண்ணை கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். முடிவில் எப்போதும் ஒரே சொல்: பாப்பம். அண்ணை அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் மாட்டேன் என்று நேரே சொல்லிப் பழக்கமில்லை.

அண்ணையின் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. என்னுடைய பயணப் பத்திரம் முதலில் வந்தது. அதனால் நான்.

விசாக் கந்தோரில், கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்மணி, இங்கிலாந்தில் தங்கிவிடுகிற எண்ணம் உண்டா என்று கேட்டாள். இல்லை, அங்கேயிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகவே வருகிறேன் என்றேன். அவள் அப்போதுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தாள். இந்த மேசையில் இதை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை என்று சொல்லி முத்திரையைக் குத்தினாள்.

லண்டன் கிட்டத்தானே

பயணச் செய்தி வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் ஏறி இறங்கியது. ஒரே கிழமையில் ஏழு பார்சல் சேர்ந்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்குப் பிரித்தானியா முழுவதும் லண்டன்தான். ஸ்கொட்லாந்தில் இருக்கிறவனும் லண்டனில் இருக்கிறான். மூன்றாம் மாடி பாலா அன்ரி, மகனுக்கென்று வறுத்து இடித்த மிளகாய்த்தூள் கொண்டுவந்தா. மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு, அதை ஒரு பழைய சட்டையால் சுற்றி, அதற்குமேல் நூல் கட்டி.

"உங்கடை அக்கா வீட்டுக்கு வந்து எடுப்பான் தம்பி. லண்டன் கிட்டத்தானே."

நான் வரைபடத்தில் பார்த்தேன். காரில் நாலு மணித்தியாலம். லண்டனில் தூள் விற்காதா என்றும் கேட்கத் தோன்றியது. இரண்டையும் நான் சொல்லவில்லை. அந்தத் தூளுக்காக அன்ரி அடுப்படியில் நின்று இருமிய இருமல் எங்கள் மாடி வரைக்கும் கேட்டிருந்தது. அதை லண்டன் கடையில் எங்கே வாங்குவது?

வெறும் பெட்டி

நிறைந்த பெட்டி ஒன்று. மற்றது அண்ணை கொண்டுவந்த பெரிய நீலப் பெட்டி, சில்லு வைத்தது. அது வெறுமையாகப் போய் அக்காவின் சாமான்களோடு வரவேண்டியது.

அங்கேதான் அண்ணி தடுத்தா. நல்ல காரியத்துக்குப் போகும்போது வெறும் பெட்டி வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடாதாம். ஊரென்றால் ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு மஞ்சளும் போட்டு மூடியிருப்போம். விமான நிலையத்தில் நாய் மணந்து பிடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அண்ணை இரண்டு நாள் யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: அக்கா இங்கே வந்து இறங்கும்போது போடுவதற்கு ஒரு குளிர்க்கோட்டு வைப்போம்.

ஆடி மாத வெயிலில் குளிர்க்கோட்டு தேடி ஸ்காபரோவின் கடைத்தொகுதிகள் எல்லாம் அலைந்தோம். ஒரு கடையின் பின்மூலையில், போன பனிக்கால மிச்சமாக, நாவற்பழ நிறத்தில் ஒன்று தொங்கியது. தொப்பியோடு சேர்ந்தது; தொப்பி ஓரத்தில் மயிர் வைத்துத் தைத்தது.

அளவு? அக்கா ஊருக்கு வந்துபோனபோது அண்ணை கண்டது, அதுவும் பத்துப் பதினொரு வருடத்துக்கு முன். "அக்கா எனக்கு உந்த உயரம்," என்று தன் காதுச் சோணையைத் தொட்டுக் காட்டினார். கடைக்காரப் பெண்ணைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னார். அவள் அக்காவைவிட மெலிவு என்றார். பிறகு அங்கே சாமான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இத்தாலியக் கிழவியிடம் போய், ஒருக்கால் போட்டுக் காட்ட முடியுமா என்று மெத்த மரியாதையாகக் கேட்டார். அந்த மனுஷி கையை விரித்து, சுற்றிச் சுழன்று, பெரிய உற்சாகத்தோடு போட்டுக் காட்டினா. அண்ணை தூரத்தில் நின்று கண்களைச் சுருக்கிப் பார்த்தார். கிழவி மறைந்து அக்கா தெரிகிறாவா என்று பார்த்தார் போல.

"அளவாத்தான் இருக்கும்," என்றார்.

விமானம் பின்னேரம். நல்ல நேரம் காலை ஏழரை. ஆகவே ஏழரைக்கே பெட்டிகள் வீட்டை விட்டுப் புறப்பட்டு, எதிர் அப்பார்ட்மென்டுக் கிரேக்கக் கிழவரின் வாசலில் நாள் முழுக்க இருந்தன. அவர் என்னை மெல்லத் தனியே கூப்பிட்டு, மனைவி துரத்திவிட்டாளா, நான் வேண்டுமானால் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

ஊரானின் வயலுக்கு நடுவால்

ஹீத்ரோவில் அக்கா பச்சை ரப்பர் சப்பாத்தோடு நின்றாள். கோழிக்குச் சாப்பாடு வைத்துவிட்டு வெளிக்கிட்டதில் மாற்ற மறந்துபோனதாம். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். அது பாதிக்கு மேல் வெள்ளை. என்னைப் பார்த்ததும் அழவில்லை. "மெலிஞ்சு போனாய். பெட்டியைத் தா," என்றாள்.

கடலுக்கு மேலே ஏழு மணித்தியாலம் நான் பாடமாக்கிக்கொண்டு வந்த வசனங்கள் கார் ஏறியதும் போய்விட்டன. பெரிய றோட்டு சின்ன றோட்டாகி, சின்ன றோட்டு ஒழுங்கையாகி, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பச்சை வேலி ஆளுயரத்துக்கு மேல் எழும்பியது. எதிரே ஒரு டிராக்டர் வந்தது. அக்கா தலையைத் திருப்பி, அந்த ஒழுங்கையில் நூறு யார் தூரத்தைப் பின்புறமாகவே ஓட்டி, ஒரு கேற்று வாசலில் ஒதுங்கி, டிராக்டர்காரனுக்கு ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். அவனும் ஒரு விரலை உயர்த்தினான். அந்த ஊரில் அதுதான் வணக்கம். மூன்று கிழமையில் நானும் அதற்குப் பழகினேன். ரொறன்ரோ திரும்பி லோறன்ஸ் அவெனியூ பஸ் சாரதிக்கு ஒரு விரல் காட்டி, அவன் என்னை முறைத்தது வேறு கதை.

அன்று பின்னேரமே அக்கா நீலப் பெட்டியைத் திறந்தாள். கோட்டைத் தூக்கினாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தொப்பி ஓரத்து மயிரைப் புறங்கையால் தடவினாள். வெளியே தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன.

"நல்ல துணி," என்றாள். போட்டுப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் கொளுவிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

சரி, நாளைக்குக் கதைப்போம் என்று நினைத்தேன்.

நாளைக்கு வந்தது. பனிப்புகார் புல்லோடு படுத்துக் கிடந்தது. அதற்கு மேலே ஆடுகளின் முதுகுகள் மட்டும் மிதந்தன. நான் நடக்கப் போனேன். அங்கே நடப்பதற்கென்றே பாதைகள் உண்டு. யாரோ ஒருவனின் கோதுமை வயலுக்கு நடுவால், யாரோ ஒருவனின் அப்பிள் தோட்டத்துக்குக் குறுக்கால், பாதை போகும். இந்த வழியால் போகலாம் என்று ஒரு மரப்பலகை கை நீட்டிக் காட்டும். வேலி குறுக்கிட்டால் ஏறிக் கடக்க இரண்டு மரப்படி போட்டிருக்கும். எங்கள் நாட்டில் அடையாள அட்டை இல்லாமல் ஒரு மைல் நடக்க முடியாது என்றிருந்த காலம் அது. நான் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, என்னைத்தான் சொல்கிறதா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.

ஒரு இடத்தில் பத்து நிமிஷம் இருக்கத் தெரியாதவன் நான். வசந்தாவைக் கேளுங்கள். அந்த ஊரில் ஒரு கல்மதிலில் குந்தி, மழை ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு நடந்து போவதை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலியில் கறுத்துப் பழுத்த முட்பழங்களைப் பிடுங்கித் தின்று விரலெல்லாம் ஊதா. வயற்கரையில் பசுக்கள் வரிசையாகப் பின்தொடர்ந்து வந்தன. நான் நின்றால் நின்றன, நடந்தால் நடந்தன. செவ்வாய்க்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயிலில் பலர் சேர்ந்து மணி அடிக்கப் பழகுவார்கள். ஒருவன் எப்போதும் ஒரு அடி பிந்துவான். அந்தப் பிந்திய மணிக்காகக் காத்திருப்பதே எனக்கு ஒரு சுகமாகிவிட்டது.

எடுக்க ஒருவரும் வராததால், ஏழு பார்சல்களையும் தபால் கந்தோர் டொரதி நிறுத்து முத்திரை ஒட்டினாள். பாலா அன்ரியின் தூள் வரும்போது மூன்று தரம் தும்மினாள். இதை அனுப்புகிற தாயை எனக்குப் பிடித்திருக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணையின் தொலைபேசி வரும்.

"கதைச்சனியோ?"

"கதைக்கிறன் அண்ணை."

"கோட்டு அளவோ?"

"அளவு அண்ணை."

அது கதவுக்குப் பின்னால் கொளுவியபடியே இருந்தது.

மூன்றாம் பரிசு

கடைசிக் கிழமையில் ஊர்க் கண்காட்சி வந்தது. ஊர் மண்டபத்தில் நீள மேசைகள், வெள்ளைக் கடதாசி விரிப்பு. வெங்காயம், பூசினி, பழப்பாகுப் போத்தல்கள், ஒரே மாதிரித் தெரிகிற நாலு முட்டை. ஒவ்வொன்றுக்கும் நடுவர் உண்டு, சட்டம் உண்டு, அழுகை உண்டு.

அக்கா போட்டது நீள அவரைக்காய். அதை வெட்டிய காலையிலிருந்து ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள். என்னைத்தான் ஓட்டச் சொன்னாள். இடது பக்கத்தால் ஓட்டி நான் உயிரோடு வந்து சேர்ந்ததை ஒருவரும் பாராட்டவில்லை. முதற்பரிசு ஆர்தர் என்ற விவசாயிக்கு. எழுபது வயதுக்கு மேல், கைத்தடி. அக்காவுக்கு மூன்றாவது.

"உவன் அதைப் பாரம் கட்டித் தொங்கவிட்டு வளத்தவன்," என்று அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை. "போன வருஷமும் உதுதான். நடுவர் அவன்ரை மச்சான்."

ஆர்தர் சிரித்தபடி வந்து, நேர்ஸ் என்னைப் பற்றி என்ன சொல்கிறா என்று கேட்டார். வாழ்த்துச் சொல்கிறா என்றேன். பதினொரு வருடம் என் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டவ, அவ வாழ்த்துகிற முகம் எனக்குத் தெரியும் என்றார் அவர்.

அக்கா வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தாள். அடுத்த வருடம் விதையை மாற்றப்போகிறாளாம். மதிலோரத்தில் வெயில் கூடவாம், அங்கே குழி வெட்டி இப்போதே எரு போட வேண்டுமாம்.

நான் வண்டி ஓட்டுவதை மறந்து அவளைப் பார்த்தேன். தனித்துப் போனவளுக்கு ஒரு அவரைக்காயில் இவ்வளவு கோபம் வராது. அடுத்த வருடம் என்ற சொல்லை அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

மரப்படியில்

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் இருவரும் ஆற்றுப் பக்கம் நடந்தோம். வேலியைக் கடக்கும் மரப்படியில் அக்கா ஏறி, மேற்படியில் அப்படியே குந்திவிட்டாள். நான் கீழே நின்றேன்.

"அக்கா, அண்ணை என்னை அனுப்பினது..."

"தெரியும். பெட்டியைத் திறந்த அண்டே தெரியும். ஆகஸ்ட் மாதத்திலை ஆரடா குளிர்க்கோட்டு கொண்டு வாறது?"

மேலறையைப் பற்றிச் சொன்னேன். மஞ்சளுக்கு மேல் வெள்ளை அடித்ததை, பெட்டைகள் எட்டிப் பார்ப்பதை, சாம்பிராணியை. எல்லாவற்றையும் கேட்டாள். கண் கலங்கியது. ஆனாலும் அவள் தலை ஓம் என்று ஆடவில்லை.

"அங்கை வந்தால் நான் மாமி. நல்ல மாமியா இருப்பன். இஞ்சை நான் திலகம். இருவது வருஷம் இந்த ஒழுங்கையளிலை சைக்கிள் ஓடித் திலகம் ஆனனான். இனி இன்னொண்டா மாற எனக்கு ஏலாது, தம்பி."

"அண்ணைக்கு அந்தக் கவலை போகேல்லை. கொள்ளி வைக்க ஒருத்தரும் வரேல்லை எண்டு."

அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சை கொள்ளி ஏது? தகனசாலையிலை ஒரு பட்டன். அமத்தச் சொன்னாங்கள். நான்தான் அமத்தினன். அப்பா பாடுற பதிகம் ஒண்டு தொடங்கினன், பாதியிலை குரல் அடைச்சுப்போச்சு. பின்னாலை ஆரும் இல்லை எண்டுதான் நினைச்சன். ஆர்தர் தங்கடை கோயில் பாட்டொண்டை எடுத்தான். உந்தக் கட்டைக் குரலிலை. பிறகு எல்லாரும் பாடிச்சினம். திரும்பிப் பாத்தால் ஊர் முழுக்க நிக்குது. வெளியிலை மழைக்கை நிண்டவையும் பாடிச்சினம்."

அக்கா படியில் ஒட்டியிருந்த சேற்றைச் சப்பாத்து நுனியால் சுரண்டினாள்.

"கணேசன் நினைக்கிறான், நான் தனிய நிண்டனான் எண்டு," என்றாள். "அதைத்தான் அவனுக்குச் சொல்ல வேணும். கடிதத்திலை எழுத வருகுதில்லை."

இங்கேயே நானும் இருந்துவிடட்டுமா என்று கேட்டேன். பாதி பகிடி. பாதி இல்லை.

அக்கா சிரித்தாள். "உனக்கு எந்த ஊரும் மூண்டு கிழமைதான். நாலாங்கிழமை உந்தப் பசுவளோடை சண்டை பிடிப்பாய்."

அன்று மாலை அவள் நீலப் பெட்டியை அடுக்கினாள். வெறும் பெட்டி போகக்கூடாது என்று அவளுக்கும் தெரியும். முட்பழப் பாகு ஆறு போத்தல், பெட்டைகளுக்கு அவளே பின்னிய கம்பளிச் சட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. கணக்குப் போடுகிற சதுரக் கோடுகள் கொண்டது, அத்தானின் அலுமாரியில் இருந்து எடுத்தது. செத்த வீட்டன்று டொரதி அதைக் கதவடியில் வைத்து, வந்தவர்களிடம் பெயர் எழுத வாங்கியிருந்தாள்.

"கணேசனட்டைக் குடு," என்றாள் அக்கா. "ஒண்டும் சொல்லாதை. குடு."

கோட்டை அவள் அடுக்கவில்லை.

கதவுக்கு வெளியே

என் பிழையை இங்கே எழுத வேண்டும். அக்கா வரமாட்டா என்று நான் அண்ணைக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கடைசி ஞாயிறு தொலைபேசியில்கூட, எல்லாம் சுகம், வாறம் என்றேன். வாறம் என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

ரொறன்ரோ விமான நிலையத்தின் தானாகத் திறக்கும் கதவு திறந்தது. அண்ணை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நின்றார். அண்ணி கையில் பூ. பெட்டைகள் இருவரும் ஒரு அட்டையில் மாமி என்று தமிழில் எழுதிப் பிடித்திருந்தார்கள். அண்ணை என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் மூடிக்கொண்ட கதவைப் பார்த்தார். அது திறந்தது. ஒரு சீனக் குடும்பம் வந்தது. மூடியது.

"அக்கா பின்னாலை வாறாவோ?"

"இல்லை அண்ணை."

கதவு இன்னொரு தரம் திறந்து மூடும்வரை நின்றார். பிறகு நீலப் பெட்டியின் கைபிடியை என்னிடமிருந்து வாங்கினார். பாரமாக இருந்ததில் அவருடைய கை ஒரு கணம் தயங்கியது. வெக்ஸ்போர்ட்டில் என்னை இறக்கிவிட்டார். வண்டி மல்வேர்ன் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. அண்ணி மட்டும் வசந்தாவோடு கதைப்பா: பெட்டியை மேலறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார், திறக்கவில்லை.

இலைகள் எல்லாம் கொட்டி முடிந்த ஒரு சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரம், தொலைபேசி அடித்தது.

"டேய், உந்த ஆர்தர் எண்டவன் ஆர்?"

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் கொப்பியின் ஒற்றை புரளும் சத்தம் கேட்டது.

கால் புண்ணைச் சொன்னேன். அவரைக்காயைச் சொன்னேன். செத்த வீட்டில் அவர் தொடங்கிய பாட்டைச் சொன்னேன்.

"சரி. டொரதி?"

தபால் கந்தோர் என்றேன். தும்மலைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அது வழக்கமாகிவிட்டது. மூன்று பெயர், நாலு பெயர். எனக்குத் தெரியாதவர்களைப் பற்றி நான் அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். அவள் பக்கம் பக்கமாக எழுதினாள். இது, அவள் பனியில் நடந்து போய்ப் பிரசவம் பார்த்த ஒருத்தி, இது அத்தானிடம் கணக்குப் படித்துத் தேறாமல் போய் இப்போது பேக்கரி வைத்திருக்கிறவன். கொப்பியில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் பாத்திரக் கறை மாதிரி வட்டமாக மை கரைந்திருந்ததாம். அது மழை என்று நான் சொன்னேன். அண்ணை அன்று வேறு பெயர் கேட்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு மத்தியானம் கதவைத் தட்டி உள்ளே வந்தார். சப்பாத்து நிறையப் பனி. கழற்றாமலே நின்று, கோட்டின் உட்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அக்கா அனுப்பியது.

உறைபனி வெளுத்த ஒழுங்கை. கேற்றடியில் அக்கா. பச்சைச் சப்பாத்து, கையில் கோழித்தீன் வாளி, காலடியில் ஐந்தாறு கோழிகள். தொப்பியை இழுத்துப் போட்டிருக்கிறாள். மயிர் ஓரத்துக்குள்ளே அவள் முகம் சிரிக்கிறது. வெள்ளை ஊருக்கு நடுவில் நாவற்பழ நிறம்.

வசந்தா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அண்ணை வாங்கவில்லை. படத்தைக் கையில் எடுத்துக் கண்களைச் சுருக்கி, கடையில் அந்த இத்தாலியக் கிழவியைப் பார்த்த அதே பார்வையில் பார்த்தார். தோள்மூட்டைப் பார்த்தார். கைநீளத்தைப் பார்த்தார்.

"அளவாத்தான் இருக்கு," என்றார்.

பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். மேலறையைப் பெட்டைகளுக்குக் கொடுக்கப்போவதாகவும், கட்டிலை நகர்த்த நான் வரவேண்டும் என்றும், அடுத்த சனிக்கிழமை வசதியா என்றும், குனிந்தபடியே கேட்டார்.